நித்திரை எப்பிடி?

சாறிச் சட்டைக்கு அளவெடுக்கிறவளிடம் எதையும் ஒளிக்க முடியாது. வாய் சொல்லாததை நாடா சொல்லிவிடும். ஆவணியில் 38 ஆக இருந்த மார்பளவு தையில் 35 என்றால், நான் சிரித்துக்கொண்டே “டயட்டோ?” என்று கேட்பேன். “ஓம் அக்கா” என்பார்கள். குறித்துக்கொண்டு அடுத்த அளவுக்குப் போய்விடுவேன். பதினைந்து வருசம் அப்படித்தான் நடந்தது. அது எவ்வளவு மொக்குக் கேள்வி என்று விளங்க, என் சட்டையே எனக்குத் தொளதொளக்க வேண்டியிருந்தது.

நான் 2001 இல் கலியாணம் கட்டிக் கனடா வந்தவள். ஸ்காபரோவில் வீட்டு பேஸ்மென்ரில் ஒரு மெஷினோடு தைக்கத் தொடங்கி, 2017 இல் சீட்டுக் காசு எடுத்து மார்க்கம் றோட் பக்கம் ஒரு சின்னக் கடை போட்டேன். வங்கிக்குப் போனால் வருமானக் கணக்குக் கேட்பார்கள். சீட்டில் அடுத்த தெரு அன்ரி முகத்தைப் பார்த்துத் தருவா. எனக்குத் தெரிந்த எத்தனையோ பெண்களின் கடை அப்படித்தான் எழும்பினது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வங்கிக்குக் கட்டப் பிந்தினால் கடிதம் வரும். சீட்டுக்குப் பிந்தினால் கோயிலில் கதை வரும். அதனால் கஷ்டம் வந்தவுடன் கணக்கைச் சரிசெய்ய முதல் முகத்தைச் சரிசெய்யப் பழகிவிடுகிறோம்.

2020 மார்ச்சில் மண்டபங்கள் பூட்டின. சாமத்தியவீடும் கலியாணவீடும் இல்லாத ஊரில் சாறிச் சட்டை யாருக்கு? அரசு சிறு வியாபாரங்களுக்கு வட்டியில்லாமல் கொடுத்த 40,000 டொலரை எடுத்தேன். கடை வாடகைக்கும், தைக்கிற இரண்டு பேரின் சம்பளத்துக்கும் கரைந்துபோனது. 2024 ஜனவரி 18 க்குள் 30,000 ஐத் திருப்பிக் கட்டினால் மிச்சம் 10,000 தள்ளுபடி. தவறினால் நாற்பதும் கடன், 5 வீத வட்டியோடு. 2023 புரட்டாதியிலிருந்து அந்தத் திகதி என் தலைமாட்டில் வந்து படுத்துக்கொண்டது.

இரவு மூன்று மணிக்கு முழிப்பு வரும். படுத்தபடியே கணக்குப் பார்ப்பேன். ஐந்து மணிக்கு எழும்பித் தேத்தண்ணி வைப்பேன். பகலில் வாடிக்கையாளரோடு பகிடி விடுவேன். “உங்களைப் பார்த்தாலே சந்தோசம் அக்கா” என்று ஒரு பிள்ளை சொன்ன அன்றைக்குத்தான், ஒரு பொம்பிளையின் காஞ்சிபுரம் சட்டைத் துணியில் இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவைத்தேன். தையல்காரிகளுக்குத் தெரியும் இது என்ன பிழை என்று. சேலையோடு வந்த துணி. வேறு துண்டு கிடையாது. கத்திரியை வைத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தேன். கை விறைத்தது, நெஞ்சு அடைத்தது, மூச்சு மேலே நின்றது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன்.

அவசரப் பிரிவில் ஏழு மணித்தியாலம். ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. டொக்டர் கடைசியாக, வீட்டிலோ வேலையிலோ ஏதும் அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டார். “இல்லை” என்றேன். பக்கத்தில் இவர் நின்றார். கடன் கதை அவருக்குப் பாதிதான் தெரியும்.

அதிலிருந்து நான் எடுத்த முதல் பாடம் இது: டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அறையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். புருசனோ, மாமியோ, மொழிபெயர்க்க வந்த பிள்ளையோ பக்கத்தில் இருந்தால் உண்மை வராது. “தனியக் கதைக்கவேணும்” என்று சொல்லுங்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று நேரம் எடுக்கும்போதே கேளுங்கள். பெற்ற பிள்ளையின் வாயால் “அம்மாவுக்குச் சாகவேணும் போல கிடக்காம்” என்று சொல்லவைக்காதீர்கள்.

குடும்ப டொக்டரிடம் போகப் பயந்ததற்கு வேறு காரணம். அவர் தமிழர். அவருடைய காத்திருப்பு அறையில் எங்கள் ஊரில் பாதி இருக்கும். அவர் யாருக்கும் சொல்லக்கூடாது என்பது சட்டம் என்று தெரிந்திருந்தும், கால் போகவில்லை. கடைசியில் என் தொழில்தான் கைகொடுத்தது. எதையும் அளந்து எழுதிப் பழகினவள் அல்லவா? அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கிழமைக்கு எழுதினேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு முழிச்சேன், நெஞ்சு எத்தனை தரம் படபடத்தது, எத்தனை கிலோ குறைந்தேன். “மனசு சரியில்லை” என்று நான் வாய் திறந்து சொல்லியிருந்தால் அவர் விற்றமின் எழுதித் தந்திருப்பாரோ என்னவோ. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து முன்னால் போட்டார்.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். கோவிட் காலத்தில் அவளுக்குப் பதினாறு வயது. ஒருநாள் குசினிக்குள் வந்து நின்று, “அம்மா, எனக்கு அங்சைற்றி இருக்கு எண்டு நினைக்கிறன்” என்றாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். “குப்பி விளக்கில படிச்சு, செல்லடிக்குள்ள சோதினை எழுதினனாங்கள் நாங்கள். உனக்கென்ன குறை?” என்றேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வீட்டில் எடுக்கவே இல்லை. சரியாகிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று வருசம் கழித்து, எனக்கு உளவளத்துணையாளர் ஒருவரின் நம்பரைத் தேடித் தந்தவள் அவள்தான். “உனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன். யூனிவர்சிற்றியில் ஒரு வருசமாகக் கவுன்சிலிங்குக்குப் போய்க்கொண்டிருந்தாளாம்.

எங்கட தமிழில் இந்த விசயத்துக்குச் சொல் இல்லை என்று சொல்ல மாட்டேன். இலங்கையில் ‘உளவளத்துணை’, ‘உளநெருக்கீடு’ என்று அழகான சொற்களே புழங்குகின்றன. ஆனால் அவை பயிற்சிப் பட்டறைகளில் இருக்கின்றன. வீட்டில் இருப்பது ‘விசர்’. கொழும்பில் இருந்தவர்களுக்கு ‘அங்கொடை’. அங்கே இருக்கும் ஆஸ்பத்திரி தேசிய மனநல நிறுவகமாகப் பெயர் மாறிவிட்டது. ஆனால் அங்கொடை என்றால் இன்றைக்கும் எங்களுக்கு அந்தப் பகிடிதான். விசருக்கும் “எனக்கு ஒண்டுமில்லை”க்கும் நடுவில் ஒரு பெண் கால் வைக்க இடம் வேண்டும். எங்கள் அம்மாமார் அந்த இடத்தை ‘யோசினை’ என்றார்கள். “அவ சரியா யோசிக்கிறா”, “யோசிச்சு யோசிச்சு வருத்தமாக்கிப் போட்டா.” அம்மம்மா அப்படிச் சொன்னபோது நோயைத்தான் சொன்னா. நாங்கள்தான் அதை வெறும் கவலை என்று தள்ளிவிட்டோம்.

உளவளத்துணைக்கு நான் முதலில் போனது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம். நல்ல மனுசி. யாழ்ப்பாணம் என்று சொன்னவுடன் முன்னால் சாய்ந்து இருந்துவிட்டார். யுத்தத்தைப் பற்றிக் கேட்டார். 1995 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்து போனதைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் 140 டொலர், வரியும் சேர்த்து. எனக்கு அப்போது கதைக்க வேண்டியிருந்தது ஜனவரி 18 ஐப் பற்றி.

யுத்தம் எங்களுக்குள் எதையும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தே பல வருசமாக எழுதிவருகிறார்கள். ஆனால் ஒரு தமிழ்ப் பெண் அழுதால் அது யுத்தமாகத்தான் இருக்கவேண்டும் என்று வெள்ளைக்காரர் முடிவெடுப்பதும், “மனிசன் சரியில்லையோ?” என்று எங்கட ஆக்கள் முடிவெடுப்பதும் ஒரே வேலைதான். இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை. மூன்றாம் முறை போனபோது, “இண்டைக்குக் கடனைப் பற்றி மட்டும் கதைப்பம்” என்று எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். அப்படிச் சொல்லலாம் என்றே எனக்கு அதுவரை தெரியாது. காசு கொடுப்பவள் நான். பிளவுஸ் தைக்க வருகிறவர் “கழுத்து இறக்கமா வேண்டாம்” என்று எனக்குச் சொல்வதில்லையா?

பிறகு ஒரு தமிழ்ப் பெண்ணிடம் மாறினேன். அவரிடம் சீட்டு என்றால் என்னவென்று விளக்கத் தேவையிருக்கவில்லை. பயம்தான் இருந்தது: நாளைக்குக் கலியாணவீட்டில் கண்டால்? அவர் முதல் நாளே தானாகச் சொன்னார்: “வெளியில கண்டால் நான் முதல்ல கதைக்க மாட்டன். நீங்கள் கதைச்சால் நானும் கதைப்பன். எங்கை பழக்கம் எண்டு ஆரும் கேட்டால், நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கோ.” உண்மையில் ஒரு சாமத்தியவீட்டில் கண்டோம். அவர் வடை எடுத்துக்கொண்டு போனார். நானும்தான்.

காசு விபரம் கேட்பவர்களுக்கு: குடும்ப டொக்டர், உளமருத்துவர் ஆகியோரிடம் போவதற்கு ஒன்ராறியோவில் ஹெல்த் கார்ட் போதும். தனியாக நடத்தும் சைக்கோதெரபிஸ்ட் என்றால் கையிலிருந்து. அவர்கள் மாகாண ஒழுங்குமுறை அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். பெயரை இணையப் பதிவேட்டில் தட்டிப் பார்க்கலாம். 2024 ஜூன் 20 க்குப் பிறகு இந்தக் கட்டணத்துக்கு எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி இல்லை. பயிற்சியில் இருப்பவர்கள் குறைந்த கட்டணத்துக்குப் பார்ப்பார்கள். கேட்டால் வருமானத்துக்கு ஏற்றபடி குறைக்கிறவர்களும் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாகாணச் செலவில் ஓர் உளச்சிகிச்சைத் திட்டமும் இருக்கிறது. குடும்ப டொக்டர் மூலமாகப் போகலாம், ஆனால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், சமூக சேவைகள் பற்றித் தகவல் தரும் 211 க்கு அடித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

ஒன்று எனக்கு முன்பே தெரிந்திருக்கலாம். சுயதொழில் செய்கிறவர்களும் தாமாக விரும்பி ஈ.ஐ. என்ற அரசின் வேலைக் காப்புறுதியில் சேரலாம். சேர்ந்து 12 மாதம் போன பிறகு, வருமான நிபந்தனை சரிவந்தால், வருத்தம் வந்து வேலை செய்யமுடியாத காலத்துக்கு 26 கிழமை வரை கொடுப்பனவு எடுக்கலாம். மன வருத்தமும் வருத்தம்தான். ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டால் சுயதொழில் செய்யும் காலம் முழுக்கத் தவணைப்பணம் கட்டவேண்டும். யோசித்துச் சேருங்கள், நான் சேர்ந்திருக்கிறேன்.

2024 சித்திரையில், தெற்காசியப் பெண் வியாபாரிகளுக்கு என்று ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தெற்காசியப் பெண்! ஊரில் நான் இன்ன குறிச்சிப் பிள்ளை. கொழும்பில் லொட்ஜில் இருந்தபோது தமிழ்ப் பிள்ளை, அதுவும் பொலிஸ் பதிவோடு. பியர்சன் விமான நிலையத்தில் சிறீலங்கன். படிவத்தில் கோடு போடச் சொன்ன இடத்தில்தான் தெற்காசியர் ஆனேன். அந்தப் பெயர் எனக்கு இரவல் சாறி மாதிரி. கட்டலாம், ஆனால் சட்டை பொருந்தாது.

ஆனாலும் அன்றைக்கு ஒன்று நடந்தது. பிரம்டனில் பார்லர் நடத்தும் பஞ்சாபிப் பெண் ஒருவர், தன் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் “லோக் கியா கஹேங்கே” என்றார். டான்ஃபோர்த் பக்கம் கேட்டரிங் செய்யும் வங்காளதேசப் பெண் கையைத் தூக்கி, “லோகே கி போல்பே” என்றார். நான் “சனம் என்ன சொல்லும்” என்றேன். மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கினபிறகு எல்லோரும் கதைத்தார்கள், டிப்ரெஷன், பேர்ன்அவுட் என்று. நானும் கதைத்தேன், தயக்கமே இல்லாமல். வீடு திரும்பும் வழியில்தான் யோசித்தேன்: ஏன் இவ்வளவு லேசாக வந்தது? ஆங்கிலத்தில் சொன்னதால். அது கையுறை போட்டு மீன் கழுவுகிற மாதிரி. மணம் கையில் ஒட்டாது. இதையே என் கடையில், தமிழில், என்னைச் சின்னனிலிருந்து தெரிந்த ஒருவரிடம் சொல்லமுடியுமா?

கடையில் முயன்றேன். முதலில் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினேன். ‘மனநலம்’ என்று பெரிய எழுத்தில். ஒருவர்கூட அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு அன்ரி மட்டும், “ஏன் பிள்ளை, இஞ்சை விசர் ஆக்களும் வாறவையோ?” என்று கேட்டா. கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் “டயட்டோ?” என்ற கேள்வியை மாற்றினேன். “நித்திரை எப்பிடி இப்ப?” அவ்வளவுதான். நித்திரைக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. சாதி, சமயம், மாமியார் ஒன்றும் அதற்குள் இல்லை. எழுபது வயது அம்மாவிடமும் கேட்கலாம், இங்கே பிறந்து ஹாஃப் சாறி கட்டமாட்டேன் என்று முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடமும் கேட்கலாம்.

கேட்பதற்கு நேரம் இருக்கிறது. அளவெடுக்கும்போது கேட்கக்கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளிடம் கேட்டால் அது விசாரணை. நாடாவைச் சுருட்டிவிட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்கவேண்டும். கேட்ட பிறகு வாயை மூடவேண்டும். எனக்கு இதுதான் ஆகக் கஷ்டம். என் கதையில் ஒரு வரி மட்டும் சொல்வேன்: “எனக்கும் போன வருசம் மூண்டு மாசம் நித்திரை இல்லை, டொக்டரிட்டப் போனனான்.” முழுதையும் கொட்டினால் அவள் எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவாள். பிள்ளைகள் என்றால் தாயை வெளியே துணி பார்க்க அனுப்பிவிட்டுத்தான். நான் உளவளத்துணையாளர் இல்லை. லாச்சியில் ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசி இருக்கிறது, அதில் நம்பர்கள். என் வேலை அந்தக் கடதாசியை எடுத்துக் கொடுப்பது.

ஒரே ஒருநாள் அது போதவில்லை. அவளின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். கைக்குழந்தையோடு வந்தவள், “நான் இல்லாட்டிப் பிள்ளை நல்லா இருக்கும் அக்கா” என்றாள், சாறியின் கரையைத் தடவிக்கொண்டு. “சும்மா அப்பிடிக் கதையாதையும்” என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “சாகவேணும் எண்டு யோசிக்கிறீரோ?” என்று நேராகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை, கேட்டால்தான் அவர்களுக்குச் சொல்ல இடம் கிடைக்கிறது. அவள் “ஓம்” என்றாள். கடையைப் பூட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து 988 க்கு அடித்தோம். 2023 நவம்பர் கடைசியிலிருந்து கனடா முழுக்க, இரவு பகலாக இயங்கும் தற்கொலைத் தடுப்பு இலக்கம் அது. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும்தான். அவளுக்கு ஆங்கிலம் வரும், வராவிட்டால் நான் பக்கத்தில் இருந்தேன். அவளின் தமக்கை வரும்வரை குழந்தை என் மடியில். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வு என்று பிறகு டொக்டர் சொன்னாராம். அன்றைக்கு நான் ஒரு ஊசிகூடக் கோர்க்கவில்லை.

கடை ஒழுங்குகளும் கொஞ்சம் மாறின. இரவு 8 மணிக்கு வட்ஸ்அப் நிற்கும். முன்பு பதினொரு மணிக்கும் “அக்கா, சட்டை ரெடியோ?” என்று வரும், நானும் எழும்பி இருந்து பதில் போடுவேன். ஆவணி முகூர்த்தங்களுக்குக் கிழமைக்கு இருபத்தைந்து சட்டைக்கு மேல் எடுப்பதில்லை. பாதிக் காசு முற்பணம். இதனால் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். வரியும் வாடகையும் தனி வங்கிக் கணக்கில் விழுகின்றன. அதை இவரும் பார்க்கலாம். முப்பதாயிரத்தைக் கடைசி வாரத்தில் கட்டி முடித்தோம். ‘தோம்’ என்று எழுதக் காரணம், பாதி அவர் தன் ஓவர்டைம் காசில் போட்டது. முழுக் கதையையும் சொன்ன இரவு அவர் கோபப்பட்டார், கடனுக்காக இல்லை, தனக்கு ஒளித்ததற்காக. இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கணக்குக் கொப்பியைக் கேட்டார்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நான் செய்த பிழையை எழுதாமல் விட்டால் சரியில்லை. கடையில் கதை ஓடத் தொடங்கிய புதிதில், ஒருவர் என்னிடம் தன் வீட்டு விசயம் ஒன்றைச் சொன்னார். சில கிழமை கழித்து இன்னொருத்தியைத் தைரியப்படுத்த, பேர் சொல்லாமல், “இப்பிடித்தான் இன்னொரு ஆளுக்கும்...” என்று அதைச் சொன்னேன். நல்லெண்ணம்தான். ஆனால் ஸ்காபரோ பெரிய ஊர் என்று யார் சொன்னது? இரண்டு பேரும் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகிறவர்கள். பத்து நாளில் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு வரி மெசேஜ் வந்தது: “அக்கா, உங்களை நம்பித்தான் சொன்னனான்.” மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. தைக்கக் கொடுத்திருந்த மூன்று சட்டையையும் தங்கச்சியை அனுப்பி எடுத்தார்.

அதற்குப் பிறகு கடையில் நாங்கள் மூன்று பேரும் ஒரு விதி வைத்திருக்கிறோம். திரைக்குப் பின்னால் கேட்டது, பேர் இல்லாமலும் வெளியே வராது. உதாரணத்துக்கும் வராது. சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் என் கதையைச் சொல்வேன், அது என்னுடையது.

போன மாதம் அவர் வந்தார். கிட்டத்தட்ட ஒன்றரை வருசம் கழித்து. கையில் ஒரு மயில்கழுத்து நிறச் சாறி. “தம்பியின்ர கலியாணம், ஆவணியில” என்றார். உள்ளே கூட்டிப்போய் அளவெடுத்தேன். மார்பு 36, இடை 31, கை நீளம் ஒன்பதரை. பழைய அளவுதான், பெரிய வித்தியாசம் இல்லை. நாடாவைச் சுருட்டினேன். கொப்பியில் எழுதினேன். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“கழுத்து எவ்வளவு இறக்கம் வைக்க?” என்று கேட்டேன்.